மறுபக்கத்தைப் படம் எடுக்க வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அம்மா அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் கைவேலைப் பக்கத்தை வாரம் தவறாமல் படிக்கும் வாசகி ஒருத்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தில் உள்ள எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே அம்மா, அப்பா, அண்ணன், நான் நால்வரும் நலம். சுவர் மட்டும் நலமில்லை. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய கடிதம் திங்கட்கிழமை வந்தது. மேலே ‘வீட்டு உரிமையாளர் அம்மா அவர்களுக்கு’ என்று போட்டிருந்தது, ஆனால் முகவரி எங்களுடையது, ஏனென்றால் வீடு அவர்களுடையது, குடியிருப்பது நாங்கள். அம்மாதான் பிரித்தார். ‘தாங்கள் பின்னி வீட்டை அலங்கரித்திருக்கும் பொருட்களின் படம் கண்டோம், மிக அழகு, அடுத்த வாரம் எங்கள் புகைப்படக்காரர் நேரில் வருவார், வழக்கம்போல் ஒவ்வொன்றையும் கழற்றித் திருப்பிப் பின்பக்கத்தையும் படம் எடுத்து மறுபக்கம் பகுதியில் வெளியிடுவோம்’ என்று எழுதியிருந்தீர்கள். கழற்றி என்ற சொல் வந்ததும் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “கழட்டக் கூடாதே! கழட்டினா நாம தெருவுலதான்” என்றார்.

ஆகவே, தயவுசெய்து நீங்கள் வர வேண்டாம். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். என்ன காரணம் எழுதுவது என்று வீட்டில் பெரிய ஆலோசனை நடந்தது. அம்மா, “வீட்ல எல்லாருக்கும் அம்மை போட்டிருக்குன்னு எழுது” என்றார். அப்பா, “நாங்க வேற வீடு மாறிட்டோம்னு எழுது” என்றார். அண்ணன், “எல்லாத்தையும் எலி கடிச்சிருச்சுன்னு எழுது” என்றான். மூன்றையும் சேர்த்து எழுதினால், அம்மை போட்ட நாலு பேர் எலிக்குப் பயந்து வீடு மாறியதாக ஆகிவிடும். எதை எழுதுவது என்று தெரியாமல் நான் உண்மையையே எழுதுகிறேன். அம்மா படித்துப் பார்க்க மாட்டார். “நீதானே அந்தப் புத்தகத்தை விழுந்து விழுந்து படிக்கிற, நீயே எழுது” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது, ஆனால் உட்கார்ந்து எழுதச் சொன்னால் இப்படி நிற்காமல் எழுதிக்கொண்டே போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹவுஸ் ஓனர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். நாங்கள் குடி வந்த அன்றைக்கே வாசலில் நின்று, “வீட்டை எப்படிக் குடுத்தேனோ அப்படியே இருக்கணும், ஒரு ஆணி அடிக்கக் கூடாது, முன்னாடி இருந்தவங்க ஒரே ஒரு ஆணி அடிச்சாங்க, காலி பண்ணச் சொல்லிட்டேன்” என்றார். அந்த ஆணியையும் சுவரில் காட்டினார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது, எச்சரிக்கையாக. அலைந்து அலைந்து கிடைத்த வீடு இது. அப்பா வேலை பார்க்கும் பஸ் டிப்போ நடக்கிற தூரம். எனக்கு முன்னறை ஜன்னல். காலையிலிருந்து வெளிச்சம் விழும், அங்கே உட்கார்ந்துதான் பின்னுவேன். அதனால் நாங்களும் ஒரு ஆணி அடிக்கவில்லை. அண்ணன் டிரில்லிங் மிஷின்தான் போட்டான்.

டிவியைச் சுவரில் மாட்டினால் வீடே மாறிவிடும் என்று அவன் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தான், ஹவுஸ் ஓனர் அம்மா ஆணியைத்தானே வேண்டாம் என்றார், ஸ்க்ரூ பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று வக்கீல் மாதிரி பேசினான், எதிர்வீட்டில் மிஷினை இரவல் வாங்கி வைத்து அழுத்தினான், அழுத்தின வேகத்தில் மிஷின் கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது, வெளியே இழுத்தால் கூடவே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுவரும் வந்துவிட்டது. அதற்குள்ளிருந்து செங்கல் வரவில்லை. பசை போட்டு உருட்டின பழைய செய்தித்தாள் கட்டுக் கட்டாக வந்தது. “என்னடா சுவர் இது?” என்று அம்மா தலையில் கை வைத்தார். அப்பா மட்டும் அந்தக் காகிதத்தை எல்லாம் ஒவ்வொன்றாக நீவிப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு நாள் உட்கார்ந்து படித்தார். “அப்பவே வெங்காயம் விலை ஏறித்தான் இருந்திருக்கு” என்று சொன்னார். அதற்கு மேல் அந்தச் சுவரைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

வாடகை வாங்க ஹவுஸ் ஓனர் அம்மா வரும் நாள் நெருங்கிவிட்டது. அம்மா என்னைப் பார்த்தார். “சும்மாதானே பின்னிக்கிட்டு இருக்கே, இதுக்கு மேல போடுற மாதிரி ஏதாவது பின்னு” என்றார். எங்கள் வீட்டில் நான் எத்தனை மணி நேரம் பின்னினாலும் அதற்குப் பெயர் சும்மா இருப்பது. கடையில் நூல் வாங்கப் போனால் கடைக்காரரிடம் பேச வேண்டும், அதனால் அண்ணனின் மஞ்சள் ஸ்வெட்டரைப் பிரித்தேன். கொக்கி ஊசியால் நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி ஒரு சூரியகாந்திப் பூ போட்டேன். டேப் வைத்து ஒட்டினோம். ஹவுஸ் ஓனர் அம்மா வந்தார், பார்த்தார், “ஆணி அடிச்சீங்களா?” என்று கேட்டார். “சத்தியமா இல்லைங்க” என்று அம்மா சொன்னார். அது உண்மைதான். அவர் உடனே கைபேசியை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு, “பாப்பா, உன் கையில என்னமோ இருக்குடி” என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். அண்ணன் மட்டும் பூவையே பார்த்துக்கொண்டு நின்றான். “இந்தக் கலரை நான் எங்கேயோ பார்த்திருக்கேன்.”

சுவர் அதோடு நிற்கவில்லை. ராத்திரியானால் பொலபொலவென்று உதிர்ந்தது. ஓட்டை பெரிதாகப் பெரிதாக நானும் பூவுக்கு ஒரு சுற்று இதழ் கூட்டிக்கொண்டே போனேன். மஞ்சள் தீர்ந்ததும் அப்பாவின் பழுப்பு மப்ளரைப் பிரித்தேன். “போன மாசம் சின்னதா இருந்துச்சே?” என்று ஹவுஸ் ஓனர் அம்மா கேட்டபோது, அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், “பூ தானேங்க, வளருது” என்றார்.

ஒன்று பழகிவிட்டால் அப்புறம் யாருக்கும் பயம் இருப்பதில்லை. ‘பாப்பா ஒரு பின்னல் போட்டு மூடிடுவா’ என்ற தைரியத்தில் இவர்கள் வீட்டை உடைக்க ஆரம்பித்தார்கள். குளியலறைக்குள் அண்ணன் பாட்டுப் பாடிக்கொண்டு கதவைத் திறக்காமல் இருந்தான், அப்பாவுக்கு டிப்போவுக்கு நேரமாகிவிட்டது, அவர் காலால் ஒரு உதை விட்டார், பிளாஸ்டிக் கதவில் அவருடைய செருப்பு அளவுக்கு ஓட்டை விழுந்து, அதன் வழியாக அண்ணனின் முழங்கால் தெரிந்தது. அதற்குப் பழைய புடவைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, சீப்பு வைக்க, பவுடர் வைக்க என்று பை வைத்த ஒரு திரை. அம்மா சமையல் மேடைப் பலகையில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, வாசலில் காய்கறிக்காரரோடு பேசப் போய் மறந்துவிட்டார். பலகையில் இஸ்திரிப் பெட்டி அப்படியே பதிந்துவிட்டது. அதற்கு ஒரு விரிப்பு. “மத்தவங்க செஞ்சதெல்லாம் உடைசல், நான் செஞ்சது வெறும் தடம்” என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். சமையலறைக் குழாய் ஒழுகியதற்கு நீல நூலில் ஒரு உறை போட்டேன். அப்பா அதற்குக் குழாய் மப்ளர் என்று பெயர் வைத்தார், தன்னுடையது போன வருத்தத்தில். அது தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு, ஹவுஸ் ஓனர் அம்மா இருக்கிற வரைக்கும் சமர்த்தாக இருக்கும். அவர் தெருமுனை திரும்பியதும் மொத்தத்தையும் ஒரேயடியாகக் கக்கிவிடும். எங்கள் வீட்டில் அவருக்கு மிகவும் பயப்படுவது அந்தக் குழாய்தான். ஸ்விட்ச் போர்டு விரிசல் விட்டபோதும் என்னிடம் வந்தார்கள். “கரண்ட்டுக்கு நூல் போட மாட்டேன்” என்று சொன்னேன். நான் முடியாது என்று வாய் திறந்து சொன்னது அது ஒன்றுதான். மூன்று பேரும் ஏதோ சுவர் பேசியதைப் போலத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் எனக்கு வைத்திருக்கிற பெயர் சைலன்ட் மோட்.

வருகிறவர்கள் எல்லாம் எங்கள் வீட்டை ஆஹா ஓஹோ என்றார்கள். எவ்வளவு உடைந்ததோ அவ்வளவு அழகாக ஆனது. ஹவுஸ் ஓனர் அம்மா மாதா மாதம் படம் எடுத்தார். எங்கள் நாற்காலியில் உங்கள் பத்திரிகை கிடந்ததைப் பார்த்து, அந்தப் படங்களை ‘என் வீட்டு அலங்காரம்’ என்று தன் பெயரில் உங்களுக்கு அனுப்பியும் விட்டார். உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். பின்னினது யார் என்று அவருக்குத் தெரியும். ஆனால் சுவர் அவருடையது, அதனால் சுவரில் இருக்கிற பூவும் அவருடையது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஆசிரியர் அம்மா, ஒன்று சொல்லலாமா? அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உங்கள் மறுபக்கம் பகுதியை நான் வெட்டி வைக்காத வாரம் கிடையாது. முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பளபளவென்று செய்துவிடலாம், பின்பக்கத்தில்தான் நூல் முடிச்சு, தொங்கல், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நூல் தாவுவது எல்லாம் தெரிந்துவிடும் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து நான் எதையும் அரைகுறையாக முடிப்பதில்லை. அந்தச் சூரியகாந்தியின் பின்பக்கத்தில் ஒரு முடிச்சு தெரியாது. மஞ்சள் முடிந்து பழுப்பு தொடங்கும் இடத்தை நீங்களே தடவிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஓட்டையைப் பார்த்துக்கொண்டு இருட்டில் கிடக்கிற பக்கம் அது, யாரும் பார்க்கப் போவதில்லை, இருந்தும் நீங்கள் பார்ப்பீர்கள் என்று நினைத்தே முடித்தேன். இப்போது நீங்களே பார்க்க வருகிறேன் என்கிறீர்கள், நான் வராதீர்கள் என்கிறேன். கழற்றினால் வீடு போய்விடும். படம் வந்தாலும் அது என் கைவேலை என்று வராது. அதனால் வேண்டாம் அம்மா. உங்கள் புகைப்படக்காரரை வேறு நல்ல சுவர் இருக்கிற வீட்டுக்கு அனுப்புங்கள்.

தங்கள் பத்திரிகை மேன்மேலும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவும், தங்கள் கண்ணும் கையும் நோயில்லாமல் இருக்கவும் வேண்டிக்கொண்டு, அம்மா, அப்பா, அண்ணன் ஆகியோரின் வணக்கத்தையும் அவர்களைக் கேட்காமலேயே சேர்த்து எழுதி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னறை ஜன்னல் ஓர வாசகி

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டப் பசையைக் கையில் எடுத்தேன், வாசலில் ஹவுஸ் ஓனர் அம்மா. வாடகை நாள்கூட இல்லை. நீங்கள் அவருக்குப் போன் செய்தீர்களாம். “பின்னாடியும் படம் எடுப்பாங்களாமே பாப்பா, பின்பக்கம் சுத்தமா இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே நேராகச் சுவருக்குப் போனார். அப்பா ஓடிப்போய்க் குளியலறைக் கதவை மறைத்துக்கொண்டு நின்றார். அம்மா இஸ்திரித் தடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். சுவர்ப் பக்கம் யாரும் இல்லை. டேப் பிரியும் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. மெதுவாக, “உள்ளே இருந்த பேப்பர் எங்கே?” என்று கேட்டார்.

அப்பா பயத்தில், “நான் படிச்சு முடிச்சிட்டேங்க” என்றார்.

அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது, உள்ளே பேப்பர் இருந்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று. அம்மா பலகையிலிருந்து இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். இந்த மாதிரி அம்மா நின்றால் நாங்கள் யாரும் எதிரில் நிற்க மாட்டோம். ஹவுஸ் ஓனர் அம்மாவும் நிற்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “எங்க மாப்பிள்ளை கட்டிலைத் தூக்கிட்டு வரும்போது இடிச்சிட்டார்மா, கொத்தனார் கேட்ட கூலிக்குப் பயந்து நானே பேப்பரை அடைச்சு, மேல பெயின்ட் அடிச்சேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றார். பிறகு பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மாடியில இன்னும் மூணு ஓட்டை இருக்கு பாப்பா. ஒண்ணு ஜன்னல் அளவு. அடுத்த வாரம் அங்கே குடி வர்றாங்க. பின்னித் தருவியா?”

எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை. “தரேன். பத்திரிகைக்காரங்ககிட்ட இது என் கைவேலைன்னு நீங்களே சொல்லணும். மாடிக்கு நூல் நீங்கதான் வாங்கித் தரணும்” என்றேன். “என்ன, மோட் மாறிடுச்சு?” என்றான் அண்ணன். ஹவுஸ் ஓனர் அம்மா அங்கேயே உட்கார்ந்து உங்களுக்குப் போன் செய்தார். லைன் கிடைக்கவில்லையாம். அதனால் நானே எழுதுகிறேன்.

மேலே வர வேண்டாம் என்று எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, அவசியம் வாருங்கள். பூவைத் துணிக்கொடியில் போட்டு இரண்டு பக்கமும் படம் எடுங்கள், சுவரில் வேண்டாம். குழாய்ப் பக்கம் புகைப்படக்காரர் நிற்க வேண்டாம், நனைந்துவிடுவார். மாடிக்குக் குடி வரப்போகிறவர்களும் உங்கள் வாசகர்கள்தானாம், ஹவுஸ் ஓனர் அம்மா விசாரித்துவிட்டார். அதனால் படத்தை மட்டும் பெரிதாகப் போடுங்கள், இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து அச்சிட்டுவிடாதீர்கள்.