பிரேசர் மலை ஜலதோஷம்

"அந்த மிளகு ரசம் யாருக்கு?" என்று கேட்டார் சபாபதி.

"நமக்கில்லீங்க. எதிர்வீட்டு கார்த்திகேசு அண்ணனுக்கு. பாவம், மலைக் குளிர்ல ஜலதோஷம் பிடிச்சுக்கிச்சாம்" என்றாள் அவர் மனைவி தனலெட்சுமி. சொல்லிவிட்டு, ரசத்தை நெய்யில் தாளித்தாள்.

சபாபதிக்கு வயிறு பற்றி எரிந்தது. பதினான்கு வருடக் குடித்தனத்தில் அவருக்கும் எத்தனையோ தடவை ஜலதோஷம் வந்திருக்கிறது. ஒரு தடவையாவது நெய் தாளிப்பு உண்டா? 'வெந்நீர் வச்சுக் குடிங்க', அவ்வளவுதான். இங்கே பிரிக்பீல்ட்ஸில் வந்த ஜலதோஷத்துக்கு வெந்நீர், பிரேசர் மலை ஜலதோஷத்துக்கு நெய் ரசமா? அநியாயமாக இல்லை?

கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் டிக்கெட் கிளார்க். சபாபதி பார்சல் கிளார்க். இருவருக்கும் ஒரே சம்பளம், குவாட்டர்ஸில் ஒரே அளவு வீடு, வழுக்கைகூட ஏறக்குறைய ஒரே அளவுதான். பதினோரு வருடம் எதிரும் புதிருமாகச் சமாதானமாக வாழ்ந்தார்கள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை கார்த்திகேசு தன் மோட்டார் சைக்கிளில் தன்னந்தனியாகப் பிரேசர் மலைக்குப் போய்விட்டு வந்தார். அன்றோடு போயிற்று சமாதானம்.

"மேகம் சட்டைப் பைக்குள்ள வந்து பூந்துக்கிச்சாமே!" என்றாள் தனலெட்சுமி. "கண்ணுக்கு எட்டின மட்டும் காடாம், மலையாம். மேல போனா வெள்ளைக்காரன் பந்து விளையாடுற பச்சைத் தோட்டமாம். அண்ணன் சம்சாரம் நல்லம்மா அக்கா சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போறாங்க. வீட்டுக்காரர்னா அப்படி இருக்கணும். நீங்களும் இருக்கீங்களே, ஞாயித்துக்கிழமைன்னா பிரம்பு நாற்காலியை விட்டு எழுந்திருக்காம ஆறு தடவை காப்பி கேட்டுக்கிட்டு!"

"நானும் போறேன்."

"நீங்களா?"

அந்த 'நீங்களா' சபாபதியின் நெஞ்சில் தைத்தது.

"ஆமாம், நான்தான். வர்ற ஞாயிறு. தனியா. உச்சிக்கே!"

"வேணாங்க. அதுக்கெல்லாம் கார்த்திகேசு அண்ணன் மாதிரி துணிச்சல் வேணும்."

இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படிப் போகாமல் இருப்பது?

போவதற்கு வண்டி வேண்டும். ஜவுளிக்கடை கிஃபாயத்துல்லாவிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. போய்க் கெஞ்சிக் கேட்டு வாங்கினார்.

"கொண்டு போங்கண்ணே. ஆனா ஒரு கீறல் விழக்கூடாது. இது எனக்குப் புள்ள மாதிரி" என்றார் கிஃபாயத்துல்லா.

ஓட்டத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. சபாபதியும் சொல்லவில்லை.

அன்று திங்கட்கிழமை மாலையே பழகத் தொடங்கினார். உடனே சாக்கடையில் விழுந்தார். செவ்வாய்க்கிழமை வண்ணார்களின் துணிக் கொடிக்குள் புகுந்து, எந்தத் துரையுடையதோ ஒரு சட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். புதன்கிழமை விழாமல் ஓட்டினார், நிறுத்தத்தான் தெரியவில்லை. பக்கத்து ஊரான சாலாக் செலாத்தானில் எண்ணெய் தீர்ந்து வண்டி தானாக நின்றது. அங்கிருந்து தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

"சாலாக் செலாத்தானுக்கே இப்படி மூச்சு வாங்குதே" என்றாள் தனலெட்சுமி. "கார்த்திகேசு அண்ணன் வளைவுலகூட ஒரு கையாலதான் ஓட்டினாராம்."

ஒரு கையால்! மற்றொரு கையால் மேகத்தைப் பையில் திணித்துக்கொண்டிருந்தானாக்கும்! சபாபதி பல்லைக் கடித்தார்.

வெள்ளிக்கிழமைக்குள் அவருக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இந்த வண்டியில் மலைப்பாதை ஏறினால், மாலையில் வீடு திரும்பப் போவது அவருடைய சட்டை மட்டும்தான். போகாவிட்டாலோ, ஆயுசு முழுக்க கார்த்திகேசுவுக்கு நெய் ரசம் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் அவருக்குள் இருந்த பார்சல் கிளார்க் விழித்துக்கொண்டார். ரயிலில் அவருக்கு இலவச பாஸ் உண்டு. வண்டியை கார்டு பெட்டியில் ஏற்றி, மலையடிவாரத்தில் கோலக்குபு ரோடு ஸ்டேஷனில் இறக்க வேண்டியது. அங்கிருந்து தைரியம் இருக்கும் வரை உருட்ட வேண்டியது. மீதி மலையை வீட்டுக்கு வந்து வாயால் ஏறிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் தனலெட்சுமி புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். நெற்றியில் திருநீறு பூசினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பைப் பார்த்து எத்தனையோ வருடமாயிற்று.

"மெதுவாப் போய்ட்டு வாங்க. அவசரமே இல்லை. இருட்டினாலும் பரவாயில்லைங்க."

சபாபதிக்குக் கண் கலங்கிவிட்டது. தெருமுனை வரை வண்டியை ஓட்டுவதுபோல் உருட்டி, முனை திரும்பியதும் ஸ்டேஷனுக்குத் தள்ளினார். பதற்றத்தில் பார்சல் சீட்டுகளை ஒட்டிவிட்டு, ஓடிப்போய் ரயிலில் ஏறிக்கொண்டார்.

கோலக்குபு ரோட்டில் இறங்கி கார்டு பெட்டிக்கு ஓடினார். அவருக்காக இறக்கி வைத்திருந்தது ஒரு கூடை கருவாடு.

"என் மோட்டார் சைக்கிள் எங்கே?"

"மோட்டார் சைக்கிள்ல தஞ்சோங் மாலிம் சீனன் கடைச் சீட்டு ஒட்டியிருக்கு. இந்தக் கூடையிலதான் உங்க பேரு இருக்கு" என்றார் கார்டு. ரயில் கிளம்பிவிட்டது.

"எந்த மடையன் சீட்டை மாத்தி ஒட்டினது?" என்று கத்தினார் சபாபதி. குனிந்து பார்த்தார். எழுத்து அழகாக, உருண்டையாக இருந்தது. அவருடைய எழுத்தேதான்.

கிஃபாயத்துல்லாவின் பிள்ளை இந்நேரம் தஞ்சோங் மாலிம் சீனன் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பதறிப்போய் ஸ்டேஷன் மாஸ்டரைப் பிடித்து, வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தந்தி கொடுக்க வைத்தார். கூடையும் கையுமாகத் திரும்பியபோது, கோடி பெஞ்சில் யாரோ தும்மினார்கள்.

விரித்துப் பிடித்த செய்தித்தாள். அதற்குப் பின்னால் பழக்கமான ஒரு வழுக்கை. பக்கத்தில் தூணில் சாய்த்து வைத்த மோட்டார் சைக்கிள்.

"கார்த்திகேசு!"

செய்தித்தாள் மெல்ல இறங்கியது. "சபாபதி! நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?"

"அதை நான் கேக்கணும். நீங்க எப்படி இங்க?"

"உம்மட ரெயிலிலதான் வந்தனான். கடைசிப் பெட்டி. வண்டியை மற்றப் பக்கத்தால இறக்கினனான்." கார்த்திகேசு செய்தித்தாளை மடித்து வைத்தார். "ஒருத்தருக்கும் சொல்லாதையும். போன கிழமையும் இப்பிடி ரெயிலில இஞ்ச வந்தனானே ஒழிய, மலைக்குப் போகேல்லை. ரோட்டில அரை மைல் போனன், முதல் வளைவைப் பாத்து நெஞ்சு இடிச்சுது. திரும்பி வந்து இந்த பெஞ்சிலதான் இருந்தனான். நல்ல மழை. அதிலதான் இந்தத் தும்மலும் தடிமனும் பிடிச்சது."

"அப்போ மேகம்? சட்டைப் பை?"

"கதை விட்டனான்."

சபாபதிக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் கையில் கருவாட்டுக் கூடை இருந்தது. "சரி, இன்னைக்கு எதுக்கு மறுபடியும் வந்தீங்க?"

"நீர் உச்சிக்கே போறீர் எண்டு உம்மட மனுசி வந்து சொல்லிப்போட்டா. பிறகு நல்லம்மாள் என்னைச் சும்மா விடுவாளோ? 'சபாபதி அண்ணர் உச்சிக்குப் போறார், நீங்கள் பந்துத் தோட்டத்தோட நிண்டிட்டியள்' எண்டு விடிய விடிய ஒரே புராணம். எனக்கு உம்மில வந்த எரிச்சலுக்கு அளவில்லை, தெரியுமோ!"

தன்மேல் ஒருவருக்குப் பொறாமையா! சபாபதிக்குக் காதில் தேன் பாய்ந்தது. பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து, புளிச்சோற்றைப் பாதி கொடுத்தார்.

எதிரே மலைத்தொடர் நீலமாக, வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நீண்டு கிடந்தது. இருவரும் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தார்கள். பிறகு பங்கு பிரித்தார்கள்.

"மேகத்தை நான் முதலே சொல்லிப்போட்டன். அது எனக்கு. அருவியை நீர் எடும்."

"உச்சிக் குளிர்?"

"அதுவும் என்ர. தடிமனே இருக்குது, சாட்சிக்கு. நீர் அட்டைக் கடியை வைச்சுக்கொள்ளும்."

மேகமும் குளிரும் இவருக்கு, அட்டை எனக்கா? சபாபதிக்கு மறுபடி வயிறு எரிந்தது. கடைசியில் ஒரு புலியைத் தூரத்தில் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள கார்த்திகேசு சம்மதித்த பிறகுதான் அடங்கியது.

தந்தியின் புண்ணியத்தில் கிஃபாயத்துல்லாவின் வண்டியை ஏற்றி வந்த பகல் ரயிலிலேயே இருவரும் திரும்பினார்கள். பிரிக்பீல்ட்ஸ் வந்தபோது மணி நாலரை. மலை உச்சிக்குப் போனவர்கள் இவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குள் நுழைய முடியுமா? இரண்டு வண்டிகளையும் ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு, குவாட்டர்ஸுக்கு எதிரே இருந்த சீனன் காப்பிக்கடையில் பதுங்கினார்கள். மறுபடி சீட்டு ஒட்டி அனுப்ப வேண்டிய கருவாட்டுக் கூடையின் நாற்றத்தில் கடைக்காரன் இரண்டு தடவை முறைத்தான்.

"இந்நேரம் அவ வாசலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பா" என்றார் சபாபதி, நெஞ்சு நெகிழ. "பாவம், ஒரு வாய் சாப்பிட்டிருக்க மாட்டா."

"ஓம். நல்லம்மாளும் அப்பிடித்தான்."

அப்போது ஒரு லோரி வந்து குவாட்டர்ஸ் வாசலில் நின்றது. ஓட்டி வந்தது வாடகை லோரி அகமது. பக்கத்தில் அவன் மனைவி ரசியா. பின்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்த இருவர், புடவைக் கரையெல்லாம் கடல் மணல் ஒட்டியிருக்க, கச்சான் கடலை தின்றுகொண்டே இறங்கினார்கள். ஒருத்தி நல்லம்மாள். இன்னொருத்தி தனலெட்சுமி. அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சிரிப்பாள் என்பதே சபாபதிக்குப் பதினான்கு வருடமாகத் தெரியாது.

ரசியா முன் இருக்கையிலிருந்து தலையை நீட்டி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"அக்கா, மோரிப் கடலுக்கே பொழுது சரியாப் போச்சு, அடுத்த ஞாயிறு போர்ட்டிக்சன் போகணும்னா, ஐயாமார் ரெண்டு பேரையும் இன்னும் தூரமான மலையாப் பாத்து உசுப்பேத்தி அனுப்பிடுங்க லா!"