சோபாவில் உட்கார்ந்த சாட்சி

"அப்ப நான் சூனியக்காரியா, அத்தே?"

"நான் எங்கடி சொன்னேன்? பச்சோந்தில்ல சொல்லுது!"

"அது எப்ப வாயத் தொறந்துச்சு—"

"வாய எதுக்குத் தொறக்கணும்? ஒடம்பே கரியாட்டம் ஆயிடுச்சே!"

"நான் சமைச்சதத் தின்னுட்டு நல்லாத்தானே இருக்கீங்க?"

"அதான் சந்தேகமே!"

மாமியார் ரெஹேமாவுக்கும் மருமகள் ஸலாமாவுக்கும் நடுவில், பூவேலை விரிப்புப் போட்ட சோபாவில், சாட்சி உட்கார்ந்திருந்தது. ஒரு கண்ணால் மாமியாரைப் பார்த்தது. மறு கண்ணால் மருமகளைப் பார்த்தது. எந்த நீதிபதிக்கு இந்த வசதி உண்டு?

ஜூலைதான் குளிர்காலமான லுஷோட்டோ மலையில் அந்த வருஷம் வீட்டுக்கு வீடு பச்சோந்திதான். முன்பெல்லாம் அது குறுக்கே வந்தால் ஆண்பிள்ளைகளே வந்த வழியே திரும்பிவிடுவார்கள். டாக்டர் ஷெம்வேட்டா வந்தார், பயம் பக்தியாகிவிட்டது. எங்கே படித்த டாக்டர் என்று கேட்காதீர்கள். பலகையில் எழுதியிருந்தது, போதாதா? சந்தைக்குப் பின்னால் அவர் கடை வாசலில் விடிவதற்குள் கூட்டம் நெரியும். வீட்டில் சூனியம் இருந்தால் கறுத்துக் காட்டிக்கொடுக்கும் காவல் பச்சோந்தி! விலை ஓர் ஆடு. காட்டில் சும்மா திரிவதை ஆடு கொடுத்து வாங்கினால்தானே மரியாதை?

வளர்ப்பதற்குச் சட்டங்களும் உண்டு. முன்னறையில்தான் வைக்க வேண்டும். திரைச்சீலையை விலக்கக் கூடாது. வெயில் பட்டால் சக்தி போய்விடுமாம். சோளக்களி ஊட்ட வேண்டும். ரெஹேமா ஒரு படி மேலே போய், ரோஜாப்பூ போட்ட கோப்பையில் தேநீரும் வைத்தாள். பெற்ற மகனுக்கே அந்தக் கோப்பையை அவள் எடுத்ததில்லை.

பச்சோந்தி கறுத்தது. டாக்டர் வந்து பார்த்து உச்சுக்கொட்டினார். "இந்த வீட்டுல வெளியூருப் பொம்பள யாரு?"

கீழே கொரோக்வேயிலிருந்து வாழ வந்த ஸலாமாதான். புருஷன் லாரியோடு டாங்கா போயிருந்தான். வெள்ளிக்கிழமை அவள் அப்பன் வீட்டுக்குப் போய்விட வேண்டும், கைக்குழந்தை இங்கேயே இருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

ஸலாமா அழுதுகொண்டே சோபா விரிப்பை உதறக் கொல்லைக்குப் போனாள். விரிப்போடு பச்சோந்தியும் வந்துவிட்டது. கொய்யாக்கிளையில் ஏற்றிவிட்டாள். அது இலையில் நின்ற பனித்துளியை நக்கியது. வெட்டுக்கிளி ஒன்றை லபக்கென்று பிடித்தது. வெயில் ஏற ஏற வாழைக்குருத்துபோல் பச்சையானது. உள்ளே கொண்டுபோனாள்; மறுபடி கறுத்தது. அவளுடைய அழுகை நின்றது.

வெள்ளிக்கிழமை ஊரே கூடியது. டாக்டர் கம்பளிக் கோட்டுக்குள்ளிருந்து தம் பச்சோந்தியை எடுத்தார். கதகதப்பில் கிடந்த அது பளிச்சென்று பச்சையாக இருந்தது.

"சுத்தமான மனுசன்கிட்ட இது இப்படித்தான் இருக்கும்!"

கூட்டம் கைதட்டியது.

"டாக்டரய்யா, போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு," என்றாள் ஸலாமா. "எங்களோடது கொல்லையில என்கூட இருக்கட்டும். ஒங்களோடது முன்னறையில இருக்கட்டும். நான் ஏதும் பண்ணிடாம நீங்களே காவல் இருங்க. எல்லாரும் தேநீர் குடிச்சு முடிச்சதும் பாப்போம்."

"அங்க... குளிருமேம்மா..."

"யாருக்கு, ஒங்களுக்கா, அதுக்கா?"

"சுத்தமான மனுசனுக்கு என்னய்யா பயம்? உள்ள போங்க!" என்றது கூட்டம்.

"கோட்டக் கழட்டிட்டுப் போங்க," என்றாள் ஸலாமா.

இஞ்சித் தேநீர் தீர்ந்தது. கதவு திறந்தது. டாக்டர் பல் கிடுகிடுக்க வந்தார். கையில் கரித்துண்டு போல ஒரு பச்சோந்தி. கொல்லையில், கொய்யாக்கிளையில், பச்சைப்பசேலென்று இன்னொன்று.

"ஐயையோ, டாக்டருதான் சூனியக்காரரு!"

பாருங்கள், அப்போதும் சூனியத்தை விட அவர்களுக்கு மனசு வரவில்லை! நாலைந்து பேர் கல்லைக்கூடத் தேடினார்கள்.

"இல்லய்யா! அது வெறும் குளிரு!" என்று அலறினார் டாக்டர். "குளுந்தா கறுக்கும், வெயில்ல பச்சையாகும், அவ்வளவுதான்! எல்லாப் பச்சோந்தியும் அப்படித்தான்யா! அடிக்காதீங்க!"

அப்புறம் ஒவ்வொருவருக்கும் தத்தம் ஆடு ஞாபகம் வந்தது. டாக்டர் கோட்டைக்கூட எடுக்காமல் சரிவில் இறங்கி ஓடினார். ஆட்டுக்காரர்கள் பின்னாலேயே ஓடினார்கள்.

ரெஹேமா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தாள். "புள்ளைக்குப் பசிக்குது போல. உள்ள வாம்மா."

ஸலாமா குழந்தையை வாங்கிக்கொண்டாள், நகரவில்லை.

"அதுக்கு யோசிக்கத் தெரியாது அத்தே, குளிருக்குக் கறுத்துச்சு. யோசிக்கத் தெரிஞ்ச நீங்க எதுக்கு என்னைத் தொரத்தப் பாத்தீங்க?"