பசுஞ்செவி கேட்ட உளுந்து

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் ஓய்வில்தான் இருந்தது. அடுத்த மகத்தான காரியம் எங்கள் நிறுவனத்தின் ‘பசுஞ்செவி’ செயலி. விவசாயி தன் குறையைச் செல்போனில் சொன்னால் போதும். செயலி கேட்டு, புரிந்து, வழி சொல்லும். சங்கரன்கோவில் கிளையில் நான் ‘செவிமடுப்பு அலுவலர்’.

அறிமுக விழாவை இளையரசனேந்தலில், பொன்மணி என்ற விவசாயியின் வயலில் வைத்தோம். மழை ஏமாற்றியதில் அவளுடைய உளுந்து பூவும் பிஞ்சுமாகத் துவண்டிருந்தது. ஒரு தண்ணீர் பாயாவிட்டால் அந்த வருஷப் பாடு வீண். விழாவுக்கு மிகப் பொருத்தமான சூழல்.

மேலாளர் செல்போனை அவளிடம் நீட்டினார்.

“என் உளுந்து அங்கன வாடி கெடக்கு. ஒரு வழி சொல்லுமய்யா,” என்றாள்.

செயலி இனிய குரலில் சொன்னது: “அங்கன்வாடிக்கு உளுந்து. தங்கள் நன்கொடை பதிவானது. நன்றி.”

கைதட்டினோம்.

“நான் எப்பம் குடுத்தேன்? வாடிப்போச்சுன்னுல்லா சொல்லுதேன்.”

“செயலிமேல் தப்பில்லை அம்மா,” என்றார் மேலாளர் கனிவாக. “உங்கள் தமிழைத்தான் கொஞ்சம் மேம்படுத்த வேண்டும். எங்கே, ‘அங்கே வாடுகிறது’ என்று சொல்லுங்கள்.”

அங்கேயே ஒரு ‘திறன் வளர்ப்புப் பயிற்சி’ தொடங்கியது. அவர் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். வெயில் ஏறியது. உளுந்து மட்டும் பயிற்சியில் கலந்துகொள்ளாமல் தன்பாட்டுக்கு வாடியது.

வரப்புக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் மைதீன் பாட்சா குரல் கொடுத்தார். “ஏ பொன்மணி, அங்கன நின்னு என்னத்தப் படிக்கே? இங்கன வந்து ஓஸ் பைப்பப் பிடி. மோட்டாரப் போடுதேன்.”

“ஒம்ம தோட்டத்துக்கு வேணும்லா அண்ணாச்சி?”

“அது ரெண்டு நாள் பொறுக்கும். ஒன் உளுந்து பொறுக்குமா?”

பயிற்சி பாதியில் நின்றது. எங்கள் ஷூக்கள் நனைந்தன. உளுந்து பிழைத்தது.

அறுவடை முடிந்ததும் பொன்மணி ஒரு படி உளுந்தை அங்கன்வாடியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஏன் என்று கேட்டேன்.

“பிள்ளையளுக்குன்னு சொல்லியாச்சுல்லா சார். சொன்னது மெஷினுன்னா என்ன, தட்டலாமா?”

எங்கள் நிறுவனத்தைக் கடவுள் இப்படித்தான் காப்பாற்றி வருகிறார். விளைச்சலும் தந்து, குழந்தைகளின் பசியும் தீர்த்ததற்காகப் ‘பசுஞ்செவி’க்கு இந்த ஆண்டின் ‘சிறந்த செவி’ விருது கிடைத்தது. மைதீன் பாட்சாவைப் போட்டியில் சேர்க்கவில்லை. அவருக்கு அந்த ஊர்த் தமிழ் முன்பே தெரியுமாம்.

எனக்கும் தெரியும். நான் பக்கத்து ஊர்க்காரன். அவள் சொன்னது அந்த நிமிடமே புரிந்தது. புரிந்தும் கைதட்டியதால்தான் இன்றும் ‘செவிமடுப்பு அலுவலராக’ இருக்கிறேன்.