செண்பகத்தின் நாக்கும் என் வயிற்றெரிச்சலும்

கும்மிடிப்பூண்டி,
1978, ஆவணி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அக்கா கமலவல்லிக்கு, தங்கை கோதைநாயகி அநேக நமஸ்காரம். அத்திம்பேருக்கும் என் நமஸ்காரத்தைச் சொல்லவும். பெருமாள் கிருபையில் இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். இனி நடக்கிற கூத்தைச் சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

என் ஆத்துக்காரர் திருவள்ளூர்க் கோயில் மடப்பள்ளி வேலையை விட்டு, பாக்டரியில் வேலை பார்க்கும் பிள்ளை பராசரனோடு இந்தக் குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் வந்ததிலிருந்து, பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். போன மாசம் மயக்கம் போட்டு விழுந்தார். அன்றைக்கு ஆம்புலன்ஸில் வந்தானே தானியேல், பாக்டரி டிஸ்பென்சரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவன், அவன்தான் என் குடியைக் கெடுத்தவன். நாடி பார்த்தான், கண்ணை இழுத்துப் பார்த்தான், "பெரியவரு உடம்புல ஒண்ணியும் இல்லம்மா. ஊட்ல சும்மா குந்திக்கினு கீறாரு, அதான் பேஜாரு. இவருக்கு நாலு மனுசங்க வேணும்" என்றான். டாக்டர் மாத்திரை எழுதுவார், இவன் மனுஷாளை எழுதிக்கொடுக்கிறான் அக்கா! கால் ஒடிந்து வேலைக்குப் போகாமல் கிடந்த சின்னதுரையைக் காலனிக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர உட்கார்த்தியவனும் இவனேதான். இவருக்கு என்ன எழுதினான் தெரியுமா? டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அங்கே பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் காய்ச்சலில் கிடக்கிற தொழிலாளிகளுக்கு மத்தியானம் சாதமும் சாத்தமுதும் பண்ணிப்போட வேண்டுமாம். சாத்தமுதை இப்போது ஆத்திலும் 'ரசம்' என்றுதான் சொல்கிறார். எல்லாம் அந்தச் சகவாசம்.

நம் ஆத்தில் ஒரு நாளாவது அடுப்படிப் பக்கம் வந்திருப்பாரா இந்த மனுஷர்? நான் ஜுரத்தில் கிடந்தபோதுகூட, "இது பெருமாளுக்குப் பண்ற கை" என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, பக்கத்தாத்துக் கஞ்சியை வாங்கிக் கொடுத்தவர். அந்தக் கை இப்போது கொட்டகையில் கரண்டி பிடிக்கிறது. முதல் நாளே வேடிக்கை. பெருமாள் அமுது செய்வதற்கு முன்னால் நாக்கில் வைத்துப் பார்ப்பது மடப்பள்ளியில் கிடையாதே, வாயில் துணி கட்டிக்கொண்டு அண்டாவுக்குக் கையாலேயே உப்பை அளந்து போட்டுப் பழகியவர் இவர். கொட்டகையில் பாத்திரம் சின்னது, கை மட்டும் பழைய கை. காய்ச்சல்காரர்கள் ஒரு வாய் வைத்துவிட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார்களாம். ருசி பாருங்கள் என்றால் மாட்டேன் என்கிறார், பழக்கம் விடவில்லை. உடனே தானியேல் அதற்கும் ஓர் ஆளைப் பிடித்தான். செண்பகம் என்று பெயர், புருஷன் போனதிலிருந்து சோறு இறங்காமல் டிஸ்பென்சரிக்கு நடந்துகொண்டிருந்தவள்.

மறந்து போன மேல்துண்டைக் கொடுக்கிற சாக்கில் நானும் போய்ப் பார்த்தேன். ஐயோ அக்கா, அதை ஏன் கேட்கிறாய்! அவள் உள்ளங்கையில் ரசத்தை விட்டுவிட்டு, சன்னிதியில் நிற்கிற மாதிரி குனிந்து நிற்கிறார். "உப்பு சரியா இருக்காம்மா?" அவள், "ஜோரா கீது நைனா!" என்கிறாள். சிரித்தார் அக்கா, பல் தெரியச் சிரித்தார். ஆசாரம் கெட்டுப்போச்சு என்று பராசரனிடம் சொல்லிப் பார்த்தேன், என் கோபம் அதற்காகத்தான் என்று அவன் நம்பவில்லை. உன்னிடம் மறைப்பானேன்? பொறாமைதான், வயிறு பற்றி எரியறது. கல்யாணம் ஆன நாளா சாதத்தைப் போட்டுட்டு "உப்பு சரியா இருக்கா"ன்னு நான் கேட்டுண்டே நிக்கறேன், இவர் 'ம்'ங்கறார். கூடினாலும் 'ம்', குறைஞ்சாலும் 'ம்'. ஒரு நாள் வேணும்னே உப்பே போடலே, அதுக்கும் அதே 'ம்'தான்! என்னைப் பார்த்து அந்தக் கேள்வியை இவர் ஒரு தடவை கேட்டிருப்பாரா?

பொறுக்க முடியாமல் நானும் தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டேன். தானியேல் வந்தான், நாடியைப் பார்த்தான், "உனுக்கும் தொணைக்கு ஆளு வேணும்மா, அனுப்பறேன்" என்று போனான். நேற்று சாயங்காலம் யாரை அனுப்பினான் தெரியுமா? அவளையேதான்! வந்து தலை வாரிவிட்டாள், நான் சுட்ட முறுக்கைத் தின்றாள், 'நைனா இத்த சொன்னாரு, நைனா அத்த சொன்னாரு' என்று ஒரே புராணம். எனக்கு ஆங்காரம் வந்து, "என்னை ஒரு நாள் கேட்டதில்லைடி உங்க நைனா!" என்று கத்திவிட்டேன். அப்புறம் அழுகையும் வந்து தொலைந்தது. அவள் சீப்பை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஆகையால் அத்திம்பேரை ஞாயிற்றுக்கிழமை அவசியம் அனுப்பி, இவரைத் திருவள்ளூருக்கே அழைத்துக்கொண்டு போகச் சொல். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். நீயாவது நன்றாக இரு.

இப்படிக்கு,
வயிறெரியும் தங்கை,
கோதைநாயகி.

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் இவர் தூக்குப் பாத்திரத்தோடு வந்து நிற்கிறார். செண்பகத்துக்கு வாய்ப்புண்ணாம், ரசம் தொடக்கூடாதாம். நேற்று என் முறுக்கை நறநறவென்று கடித்தவளுக்கு! "கையை நீட்டு" என்றார். ரசத்தை விட்டுவிட்டுக் குனிந்து, "கோதை, உப்பு சரியா இருக்கா?" என்றார். சரியாகத்தான் இருந்தது. "பிடிபடலே, இன்னொரு கரண்டி விடுங்கோ" என்றேன். விட்டார். மறுபடியும் கேட்டார். நாளையிலிருந்து நானும் கொட்டகைக்குப் போகிறேன், அத்திம்பேரை அனுப்பாதே. ஆமாம், அத்திம்பேர் உன்னை இப்படி ஏதாவது கேட்பதுண்டோ? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.