அசனப் பந்தியில் ஜாஸ்பரின் கை

புதுக் கண்ணாடி போட்ட மறுநாள் காலை, ஜாஸ்பர் டம்ளருக்குப் பக்கத்தில் காப்பியை ஊற்றினார். மேசைவிரிப்பு வஞ்சனையில்லாமல் குடித்தது.

"அப்பா, டம்ளர் இங்கன இருக்கு," என்றாள் மகள் ஃபெபி.

ஜாஸ்பர் காலண்டரைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை அசனம். பாளையங்கோட்டையில் அவர்கள் சபையார் எல்லோரும் கோயில் வளாகத்தில் பாய் விரித்துப் பந்தி உட்காரும் அந்த விருந்தில், முப்பது வருஷமாகக் கறிக்குழம்பு ஊற்றுவது அவர்தான். முதுகு வளையாமல் நின்றபடியே ஊற்றுவார். இலையை விட்டு ஒரு சொட்டு வெளியே போனதில்லை. பாவம், மனிதர் வேறு எதிலும் பேர் வாங்கியவரில்லை.

சபைச் செயலாளர் ஞானையாவுக்குக் காப்பி விஷயம் எட்டிவிட்டது. "இந்த வருசம் சிந்துச்சுன்னா கரண்டிய வேற ஆளுட்ட குடுத்துருவோம் வே," என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

ஃபெபி பெங்களூரில் குரங்குகளின் கண்ணையும் கையையும் ஆராய்கிறவள்.

"கண்ணு எடத்தச் சொல்லும், மூளை கணக்குப் போட்டுக் கைய அனுப்பும். கண்ணாடி மாறுனா கணக்கு தப்பும். திரும்பத் திரும்பச் செஞ்சா மூளையே திருத்திக்கிடும். குரங்குக்கும் அப்படித்தான்."

"என்னையக் கொரங்குங்கியா?"

"எல்லாரும் அந்த வம்சந்தாம்ப்பா."

"இதக் கோயில்ல போய்ச் சொல்லிராத."

மூன்று நாள் மொட்டைமாடியில் இலை விரித்து, வாளித் தண்ணீரை ஊற்றிப் பழகினார். சனிக்கிழமை மாலை ஒரு சொட்டுகூடத் தவறவில்லை.

ஞாயிறு மதியம். முதல் இலை சாலோமி டீச்சருடையது. ஜாஸ்பர் ஊற்றினார். குழம்பு இலைக்கு வலப்பக்கம், பாயில் விழுந்தது.

பதறிப்போய், அடுத்த இலைக்குக் கையை ஒரு சாண் இடப்பக்கம் தள்ளினார். அங்கே இருந்தவர் பயத்தில் இலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். இப்போது இடப்பக்கம் சிந்தியது.

எல்லாம் இந்தக் கண்ணாடியால் வந்தது என்று அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். மூன்றாவது இலை ஞானையாவுடையது. கறித்துண்டு இரண்டு, எலும்பு ஒன்று, அவர் மடியில் போய் உட்கார்ந்தன.

"கரண்டியக் கீழ வையும் வே!"

ஜாஸ்பருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ்வளவு பழகுனேனே, டீச்சர். எம் மூளையில என்னமோ கோளாறு."

சாலோமி டீச்சர் தன் இலையைப் பைய வலப்பக்கம் இழுத்து, பழைய இடத்தில் வைத்தார்.

"ஒன் மூளைக்கு ஒண்ணுமில்ல, தம்பி. முப்பது வருசமா நீ ஒரு சாண் தள்ளித்தான் ஊத்துவ, நாங்கதான் கரண்டி வரவும் எலைய நகட்டிக்கிடுவோம். இன்னைக்கும் பழக்கத்துல நகட்டிட்டேன்."