சுமத்ராவிலிருந்து வந்த விரிசல்

விரிசல் சுவிட்சைத் தொட்டுவிட்டது.

நேற்று வரை கூரை ஓரத்தில் ஒரு தலைமுடி மாதிரி சும்மா கிடந்ததுதான். இன்று, நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வரும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, ஹால் சுவரில் கோணல்மாணலாக இறங்கி விளக்கு சுவிட்சை ஒட்டி வந்து நின்றது. பல் துலக்கிக்கொண்டே ஹாலுக்கு வந்த சந்திரசேகரனுக்கு பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

"லெட்சுமி! இங்க வந்து பாரு, நம்ம மானம் எந்த வழியா போகப் போவுதுன்னு!"

லெட்சுமி கேசரிக் கரண்டியோடு ஓடிவந்தாள். பார்த்தாள். கரண்டியாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இந்த புளோக்கக் கட்டுன கொன்றெக்டர் மட்டும் என் கையில கெடைக்கட்டும்," என்று கட்டட ஒப்பந்தக்காரரை நினைத்துச் சந்திரசேகரன் பல்லைக் கடித்தார். வாயில் நுரை இருந்ததால் சபதம் அவ்வளவு கம்பீரமாக வரவில்லை.

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் பதினான்காவது மாடி வீடு அது. ஜுரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசராக உழைத்து அவர் வாங்கிய ஒரே சொத்து. அந்த வீட்டில் வளர்ந்த ஒரே மகள் ரூபினி, பல்கலைக்கழகத்தில் தன்னோடு படித்த ஷர்வினை மூன்று வருடமாக விரும்புகிறாள். ஷர்வின் தங்கமான பையன். நிலவியல் படித்துவிட்டு அங்கேயே விரிவுரையாளராக இருக்கிறான். பையனிடம் ஒரு குறையும் இல்லை. பையனின் அப்பாவிடம்தான் சிக்கல்.

அப்பா மோகனராஜுக்கு ஜுருவில் பெரிய கார்க் கடை. காதல் என்றதும் அவர் குதிக்கவில்லை, கோபப்படவில்லை. "நல்ல பொண்ணுதான், பேசி முடிச்சிரலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னவர், பெண் வீட்டு முகவரியைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டாராம். அதன்பிறகு மூன்று முறை வருகையைத் தள்ளிப்போட்டார். ஒருமுறை காய்ச்சல். ஒருமுறை கோயில் கூட்டம். மூன்றாம் முறை கார் பழுது. கார் விற்கிறவருக்குக் கார் பழுது! கடைசியில், "எதுக்கு வீடு, ஹோட்டல்லயே பேசிக்கலாமே" என்று சொல்லி அனுப்பினார். பெண் கேட்டு வருகிறவர்கள் வீட்டுக்கு வந்து கை நனைத்தால்தான் முறை என்று லெட்சுமி ஒரே பிடியாக நின்றதால்தான் இன்றைய வருகை.

நம் பிளாட்டு அவருக்கு இளப்பமாக இருக்கிறது என்பது சந்திரசேகரனுக்குப் புரிந்துபோயிருந்தது. அந்த வலியை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே ரூபினிக்குத் தெரிந்திருந்தது.

"அப்பா, இந்தத் தடவையும் ஏதாச்சும் ஆச்சுன்னா அவங்க திரும்ப வரமாட்டாங்கப்பா," என்று நேற்று சாப்பிடும்போது சொன்னாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர, வாயில் வைக்கவில்லை.

அதனால்தான் அவர் ஒரு வாரமாகக் கைப்பேசியில் பூமியைப் படித்துக்கொண்டிருந்தார். வரப்போகிற மருமகனோடு நாலு வார்த்தை பேச வேண்டாமா? மேலோடு, அதற்குக் கீழே கவசம், அப்புறம் உலோகம் உருகிக் கிடக்கும் வெளிக்கரு, நடு மையத்தில் கெட்டியான உட்கரு. தொழிற்சாலை கேண்டீனில் வேகவைத்த முட்டையை யாராவது உரித்தால் போதும், பிடுங்கிப் பாடம் நடத்திவிடுவார். இப்போது அவர் வீட்டு மேலோடே பிளந்துகொண்டது.

முதல் வைத்தியம் கையிலேயே இருந்தது. பற்பசையைப் பிதுக்கி விரிசல் முழுக்கத் தேய்த்தார். சுவர் மஞ்சள், பசை வெள்ளை. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால், ஹால் நடுவில் மின்னல் வெட்டியது போல இருந்தது.

"அப்பா, இப்பத்தாம்பா நல்லாத் தெரியுது!" என்றாள் ரூபினி. வீடே புதினா வாசம் அடித்தது.

சாமி அறையிலிருந்து பெரிய முருகன் படத்தை எடுத்து வந்தார். ஆணியை வைத்து ஒரு அடி அடித்தார். தோசைக்கல் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து அவர் காலில் விழுந்தது. வலியைப் பொறுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி இன்னொரு அடி வைத்தார். விரிசல் சுவிட்சைத் தாண்டிச் சறுக்கிக்கொண்டு தரை வரைக்கும் போயிற்று.

"செவுரா இது? கிரீம் கிரேக்கர் மாதிரி உதிருது!" அவர் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்தச் சுவருக்கு அந்தப்புறம் குடியிருக்கும் ஸஹ்ரா அக்கா வாசலில் வந்து நின்றார். தலையில் முக்காடு, முக்காட்டின் மேல் சுண்ணாம்பு.

"என்னாண்ணே, செவுத்த ஒடைச்சி ரெண்டு வீட்டையும் ஒண்ணாக்கப் போறீங்களா? எங்க பக்கம் கொட்டுது லா!"

விஷயம் தெரிந்ததும் ஸஹ்ரா அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். கண்ணாடி அல்மாரியை நகர்த்தி விரிசலை மறைப்பது என்று முடிவாயிற்று. நால்வரும் தள்ளினார்கள். உள்ளே இருந்த பீங்கான் கோப்பைகள் ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒப்பாரி வைத்தன. அல்மாரி ஒருவழியாகச் சுவரோடு போய் நின்றது. நின்றதும் முன்பக்கம் சாய்ந்தது. தரையும் சமமில்லை. சந்திரசேகரன் காலண்டர் அட்டையை மடித்து அல்மாரியின் முன்காலுக்குக் கீழே கொடுத்தார். அல்மாரிக்கு மேலே இன்னும் ஒரு சாண் விரிசல் எட்டிப் பார்த்தது. அதன்மேல் தீபாவளிக்கு வாங்கிய பிளாஸ்டிக் தோரணத்தை ஒட்டினார். பெயர்ந்த துண்டு சோபாவுக்கு அடியில் போயிற்று.

"வந்துட்டாங்க!" என்று ரூபினி பால்கனியிலிருந்து கத்தினாள்.

சந்திரசேகரன் எட்டிப் பார்த்தார். கீழே, மோகனராஜ் காரிலிருந்து இறங்கி, மேலே ஏறி வராமல் நின்றுகொண்டிருந்தார். கட்டடத்தை அடியிலிருந்து உச்சி வரை பார்த்தார். தலையை ஆட்டினார். மறுபடியும் பார்த்தார். மனைவி கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நடந்தார். அந்தத் தலையாட்டல் சந்திரசேகரனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஏழையாக இருப்பதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதைப் பதினான்கு மாடி தூரத்திலிருந்து பார்த்துத் தலையாட்டுவதை எப்படிப் பொறுப்பது?

வந்தவர் வாசல் நிலையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். மனைவியும் ஷர்வினும் பின்னால் வர, பூனை மாதிரி நடந்தார். "இங்க உக்காருங்க" என்று சோபாவைக் காட்டினால், "பரவால்ல, பரவால்ல" என்று கதவோரம் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் பாதி உட்கார்ந்தார்.

"பால்கனியில காத்து நல்லா வரும். வந்து பாருங்களேன்," என்றார் சந்திரசேகரன்.

"வேணாம்!" என்று மோகனராஜ் கிட்டத்தட்டக் கத்தினார். பிறகு மெதுவாக, "இதுக்கு மேல எத்தன மாடி இருக்கு?" என்றார்.

"ஆறு."

மோகனராஜ் கூரையைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வீடு பிடிக்கவில்லை, காற்று பிடிக்கவில்லை, நம் சோபா கூடப் பிடிக்கவில்லை என்று சந்திரசேகரன் ஒவ்வொன்றாக மனத்தில் குறித்துக்கொண்டார். ஷர்வினின் அம்மா மட்டும் சோபாவில் நன்றாகச் சாய்ந்து, கேசரியை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். அவர் அதிகம் பேசுகிறவராகத் தெரியவில்லை.

"ரூபினிக்கு சமைக்கத் தெரியும்," என்றாள் லெட்சுமி.

"ம்," என்றார் மோகனராஜ், தூணைப் பார்த்துக்கொண்டே.

அப்போதுதான் தோரணத்தின் ஒரு முனை கழன்று தொங்கியது. புதினா வாசத்தோடு ஒரு சாண் விரிசல் சபைக்கு வந்தது. ஷர்வின் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தான்.

"என்னா அங்கிள் இது, பெரிய வெடிப்பா இருக்கு?"

ரூபினியின் முகம் வெளுத்தது. சந்திரசேகரன் ஒரு வாரப் படிப்பையும் ஒன்றாகத் திரட்டினார்.

"அது ஒண்ணுமில்ல தம்பி. உனக்குத் தெரியாததா? பூமிக்கு உள்ள எல்லாம் கொதிக்குது. மேலோடு இருக்கே, அது பால் மேல ஆடை மாதிரி. துண்டு துண்டாக் கெடக்கு. நகர்ந்துக்கிட்டே இருக்கு. சுமத்ராவுல ரெண்டு தட்டு முட்டிக்கிச்சுன்னா இங்க நம்ம வீட்டு செவுத்துல ஒரு கோடு விழுது. இயற்கை!"

ஷர்வின் நல்ல பையன், ஆனால் விரிவுரையாளர். தவறான விடையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவனால் முடியவில்லை.

"தட்டு நகருறது சரிதான் அங்கிள். ஆனா நகம் வளர்ற வேகத்துலதான் நகரும். ரெண்டு தட்டும் முட்டிக்கிற எடம் சுமத்ராவுக்கும் அந்தப் பக்கம், கடலுக்கு அடியில. நாம தட்டுக்கு உள்பக்கமா இருக்கோம். பினாங்கு மலையே கருங்கல்லு. எப்பவாச்சும் அங்க பெருசா அதிர்ந்தா இங்க உசந்த கட்டடம் லேசா ஆடும், அவ்வளவுதான். இது அது இல்ல." விரலால் விரிசலைச் சுரண்டினான். மாவாகக் கொட்டியது. "சிமெந்தக் கொறைச்சு மணல அள்ளிப் போட்டிருக்காங்க. கட்டுனவன் பெரிய திருடனா இருப்பான்."

"டேய்!" ஸ்டூலிலிருந்து மோகனராஜ் எழுந்தே விட்டார். "ரெண்டு புத்தகம் படிச்சிட்டா எல்லாம் தெரியுமா? பெரியவரு சொல்றாருல்ல, தட்டுன்னு? தட்டுதான்!"

"இல்லப்பா, சயன்ஸ்படி..."

"என்னாடா சயன்ஸ்? அன்னிக்கி சுனாமி வந்தப்ப பினாங்கே ஆடலயா? அதுல வெடிப்பு விட்டிருக்கும்! அண்ணே, நீங்க சொல்லுங்க, கட்டுனவன் என்னா செய்வான், பாவம்?"

சந்திரசேகரனுக்குத் தலை சுற்றியது. இளப்பமாகப் பார்த்த மனிதர், பெற்ற பிள்ளையை எதிர்த்துத் தன் பக்கம் நிற்கிறார்! மகளுக்காக அவர் எந்தப் பொய்யையும் சொல்லத் தயாராக இருந்தார்.

"அதான! கட்டுனவரு மேல ஒரு தப்பும் இல்ல. தங்கமான மனுசன். நாங்க தெனமும் அவர வாழ்த்திக்கிட்டுத்தான் படுக்கிறோம்."

மோகனராஜின் கண்கள் கலங்கின. கதவோரத்தை விட்டு ஓடிவந்து சந்திரசேகரனின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "அண்ணே, உங்கள மாதிரி மனுசங்கள நான் பாத்ததே இல்ல. தேதி குறிச்சிரலாம்!"

ரூபினி சமையலறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். சந்திரசேகரனுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து முதல்முறையாக ஒரு முழு மூச்சு விட்டார். அந்த மகிழ்ச்சியில்தான் அந்தப் பாழாய்ப்போன வார்த்தையைச் சொன்னார்:

"லெட்சுமி, சம்பந்திக்கு நல்லா இஞ்சித் தேத்தண்ணி கலக்கு!"

வீட்டில் இஞ்சி இல்லை. லெட்சுமி பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். நல்ல காரியம் என்று கேட்டதும் ஸஹ்ரா அக்கா, "இரு லெச்சுமி, நானே இடிச்சித் தரேன்" என்று தன் வீட்டுத் தரையில் இடிகல்லைப் போட்டு உட்கார்ந்தார். அந்தச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி.

டங்.

கோப்பைகள் சிணுங்கின. மோகனராஜ் சந்திரசேகரனின் கைகளை விட்டார்.

டங். டங்.

காலண்டர் அட்டை அல்மாரிக் காலடியிலிருந்து மெதுவாக நழுவியது. அல்மாரி தலை வணங்குவது போல முன்னால் சாய்ந்து, சுவரை விட்டு ஒருபக்கமாக விலகித் திரும்பியது. சந்திரசேகரன் பாய்ந்து தோளைக் கொடுத்தார். கதவு திறந்துகொண்டு கோப்பைகள் வரிசையாக அவர் முதுகில் விழுந்து உடைந்தன. அவருக்குப் பின்னால், மறைக்க ஒன்றுமில்லாமல், கூரை முதல் தரை வரை விரிசல் முழுசாகத் தெரிந்தது.

ஸஹ்ரா அக்கா நல்ல மனசோடு இன்னும் ஓங்கி ஒரு இடி இடித்தார். முருகனுக்கு அடித்த ஆணி இருந்த இடம் மொத்தமாகப் பெயர்ந்து தொப்பென்று விழுந்தது. ஓட்டை வழியாக ஸஹ்ரா அக்காவின் வீட்டு மின்விசிறி தெரிந்தது.

மோகனராஜ் விரிசலைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். "ஐயோ, அம்மா!" என்று அலறினார். செருப்பைக் கூட மாட்டவில்லை. மனைவியைப் பார்க்கவில்லை, மகனைப் பார்க்கவில்லை, லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. வெறுங்காலோடு படியில் அவர் இறங்கி ஓடும் சத்தம் மாடி மாடியாகத் தேய்ந்துகொண்டே போனது. "அப்பா! இது நிலநடுக்கம் இல்லப்பா!" என்று கத்திக்கொண்டே ஷர்வின் பின்னால் ஓடினான்.

ரூபினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவுச் சத்தம்தான் அன்றைக்கு விழுந்த எல்லாவற்றிலும் அதிகமாகச் சந்திரசேகரனுக்கு வலித்தது.

இஞ்சியோடு வந்த லெட்சுமி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்திரசேகரன் அல்மாரியைத் தாங்கியபடியே நின்றார். விட்டால் அதுவும் விழும். இருபது வருடம் உழைத்துக் கடன் கட்டிய வீடு, மகளின் வாழ்க்கையை அரை மணியில் தின்றுவிட்டது. கண்ணீரைத் துடைக்கக்கூடக் கை சும்மா இல்லை.

சோபாவில் ஷர்வினின் அம்மா மட்டும் இன்னும் உட்கார்ந்திருந்தார். தட்டில் விழுந்திருந்த சுண்ணாம்பை ஒதுக்கிவிட்டு மிச்சக் கேசரியை எடுத்தார்.

"நீங்களும் கெளம்புங்கம்மா," என்றார் சந்திரசேகரன், உடைந்த குரலில். "எங்க வீடு உங்க வீட்டுக்காரருக்குப் புடிக்கல. நான் என்னா செய்வேன்?"

"அழாதீங்க சம்பந்தி, தேதி குறிக்கலாம்னு சொன்னது சொன்னதுதான்," என்றார் அந்த அம்மா, கேசரியை மென்றுகொண்டே. "கார் யாவாரத்துக்கு வர்றதுக்கு முன்னாடி இந்த புளோக்கக் கட்டுன கொன்றெக்டரே அவருதான், எந்தச் செவுத்துல எவ்வளவு சிமெந்து போட்டாருன்னு அவருக்குத்தான தெரியும்!"