அணில் வயலில் முயலுக்கு என்ன வேலை?

ஒரு காட்டில், ஒரே ஒரு ஏக்கரில் சோயா போட்டுப் பிழைத்தன ஒரு முயலும் அதன் பெண்டாட்டியும். அந்தக் காட்டில் சோயாவுக்கு விலை வைப்பது கொள்முதல் நிலையக் கரடி. அதற்கு மாதிரி வயல் முயலுடையதுதான். இங்கே ஆகும் செலவுக்கு மேலே கொஞ்சம் போட்டால், அதுதான் காட்டுக்கே விலை.

அறுவடை முடிந்ததும் கரடி படிவத்தோடு வந்தது.

“விதை, உரம் எழுதியாச்சு. களை எடுத்தது யாரு?”

“நாங்க ரெண்டு பேரும்தான் சார். இருபது நாள்,” என்றது முயல்.

“சொந்த உழைப்பா? அப்போ செலவு பூஜ்யம்.”

பெண்முயலுக்குச் சுர்ரென்று ஏறியது. “பூஜ்யமா? இருபது நாள் குனிஞ்ச இடுப்பு சார் இது. இதைக் கேட்டுட்டு எழுதுங்க!”

“இடுப்புக்குப் படிவத்துல கட்டம் இல்லைம்மா. கூலிக்கு ஆள் வச்சாத்தான் கட்டம்.”

கரடி வைத்த விலையில் விற்ற காசு, அடுத்த விதைக்கே பற்றவில்லை. செங்கல் சூளை வைத்திருந்த யானை மோப்பம் பிடித்து வந்தது. “விதைக்கு நான் தாரேன். அடுத்த போகமும் இப்படியே போச்சுன்னா நிலம் எனக்கு. மண்ணை அள்ளிக்குவேன்.” வேறு வழியில்லாமல் முயல் தலையாட்டியது.

களை முளைத்ததும் பெண்முயல் பக்கத்து வயல் அணிலிடம் போனது.

“அக்கா, நீங்க என் வயல்ல களை எடுங்க, நான் உங்க வயல்ல எடுக்கிறேன். தினம் முந்நூறு கூலி நான் தாரேன். அதே முந்நூறை நீங்க எனக்குத் தாங்க.”

“லூசாடி நீ? அதே முந்நூறுதானே சுத்தி வரும்?”

“சுத்தட்டும்க்கா. கரடி கண்ணுல படணும்ல!”

இருபது நாளும் அதே மூன்று நோட்டுகள் வேலியைத் தாண்டித் தாண்டி நைந்துபோயின. தாண்டிய ஒவ்வொரு தடவைக்கும் ரசீது.

கரடி மறுபடி வந்தது. ரசீதுக் கட்டைப் புரட்டிவிட்டு முறைத்தது.

“உன் வயல் களையை நீயே எடுத்திருக்கலாமே?”

“எடுத்தேனே சார், போன தடவை. என்ன எழுதினீங்க?”

கரடி கட்டத்தில் கூலியை எழுதியது. சோயா விலை ஏறியது. விதைக் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு யானை வேறு நிலம் தேடிப் போனது.

அன்று மத்தியானம் முயல் பசியோடு வந்து உட்கார்ந்தது. “சோறு எங்கடி?”

“அணில் வீட்டுல சமைக்கப் போறேன். உங்களுக்கு அணிலக்கா வந்து சமைப்பாங்க. கூலியை எடுத்து வைங்க.”

நீதி: சொந்த வயலில் குனிந்தால் அது உடற்பயிற்சி, அடுத்தவர் வயலில் குனிந்தால்தான் உழைப்பு. எங்கே குனிகிறோம் என்று பார்த்துக் குனியுங்கள்.